காணச் சொல்வதும் காண விடாததும்!

“கடலழகு காண வாரீர்! கோயிலெழில் காண வாரீர்! களிறும் பிடியும் கன்றும் கூட்டமாய்க் குளக்கரை சேரும் காட்சி காண வாரீர்!”

இலங்கைத் தீவு அழைக்கிறது. ஏட்டைப் புரட்டினாலும் அந்த அழைப்பு. கைபேசியைத் திறந்தாலும் அந்த அழைப்பு. தென்னை சாய்ந்த கரை, தாமரை பூத்த குளம், பொற்கூரை வேய்ந்த விகாரை, பச்சைப் பட்டு விரித்த மலைச்சரிவு, அதனூடே வளைந்து வளைந்து செல்லும் ரயில்! படத்தில் எல்லாம் இருக்கின்றன. மனிதன் மட்டும் இல்லை. இருந்தாலும், தட்டில் இளநீர் ஏந்திச் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

2024-ஆம் ஆண்டில் மட்டும் இந்த அழைப்பை ஏற்று அங்கே சென்றோர் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்களில் இந்தியாவிலிருந்து சென்றோர் 4 இலட்சத்துக்கும் மேல். வெள்ளையர் நாடுகள் எதுவும் இந்தத் தொகைக்கு அருகில் வரவில்லை. அத்தீவின் விடுதிக்காரருக்கு இன்று முதல் வாடிக்கையாளர் நாம்தான், தோழர்களே!

நமக்கு அது தூரதேசமும் அன்று. தனுஷ்கோடியில் ரயிலை விட்டிறங்கித் தலைமன்னாருக்குக் கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. 1964 டிசம்பரில் எழுந்த புயல் தனுஷ்கோடியையே விழுங்கிற்று. பிறகு இராமேசுவரத்திலிருந்து சென்ற கப்பலும் 1980-களில் மூண்ட இனப்பகைத் தீயில் நின்றுபோயிற்று. 2023 அக்டோபரில் நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் விட்டார்கள், நின்றது, 2024 ஆகஸ்டில் மீண்டும் விட்டார்கள். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். நாகையில் காலையுணவு, யாழ்ப்பாணத்தில் பகலுணவு!

“போகாதே” என்று தடுப்பார் நம்மில் உண்டு. அவர்தம் நெஞ்சில் எரியும் நெருப்பை நான் அறிவேன், மதிக்கிறேன். எனினும் அவர்களோடு சேர்ந்து கதவைச் சாத்த என் கை எழவில்லை. குறிகட்டுவான் துறையில் பயணிக்காகக் காத்திருக்கும் படகோட்டி தமிழன். யாழ் நகரில் நாலு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிள்ளையைப் படிக்க வைக்கும் கைம்பெண் தமிழச்சி. நாம் போகாதிருந்தால் அரண்மனை பட்டினி கிடக்காது. அந்த அடுப்புத்தான் அணையும்.

எனக்கு வழக்கு வேறொருவரோடு. “அரசியல் எதற்கு? அழகை மட்டும் பார்!” என்று அறிவுரை வழங்குகிறாரே, அவரோடு! நாடகம் எழுதிப் பழகிய கை; ஆகவே அவரை ஒரு காட்சியிலேயே நிறுத்திக் காட்டுகிறேன்.

முகவர்: ஐந்து பகல், நான்கு இரவு. கடற்கரை இரண்டு, கோயில் நான்கு, யானைக் காடு ஒன்று!

பயணி: அங்கே போர் நடந்ததே, ஐயா?

முகவர்: நடந்தது, 2009-இலேயே முடிந்தது. இப்போது எங்கும் அமைதி!

பயணி: அந்தக் கடற்கரை ஊரார் தம் வீட்டுக்குத் திரும்பிவிட்டனரா?

முகவர்: அறைக்கு அறை குளிர்சாதனம் உண்டு.

பயணி: ஊரார் திரும்பிவிட்டனரா என்று கேட்டேன்.

முகவர்: காலைச் சிற்றுண்டி இலவசம்!

அவர் சொல்லமாட்டார். நாம் சொல்வோம்.

காங்கேசன்துறையில் கப்பலை விட்டு இறங்குகிறீர்கள். துறைமுகத்துக்கு அருகிலேயே, கடலைப் பார்த்தபடி ஒரு விடுதி. ‘தல்செவன’ என்று பெயர். சிங்களத்தில் பனைநிழல் என்று பொருள். அழகிய பெயர், அழகிய கரை. நடத்துபவர் யார்? வணிகரா? ஊர்க்கூட்டுறவா? இல்லை, இலங்கைத் தரைப்படை! பனை, தமிழன் வளர்த்த பனை. நிழல் மட்டும் படைக்குச் சொந்தம்!

அந்த வலிகாமம் வடக்கு மக்கள் 1990-இல் உடுத்த உடையோடு விரட்டப்பட்டனர். செம்மண் தோட்டம், சுண்ணாம்புக்கல் கிணறு, மீன்பிடித் துறை, பள்ளிக்கூடம், கோயில், சுடுகாடு அத்தனையும் ‘உயர் பாதுகாப்பு வலயம்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்கப்பட்டன. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் 25 ஆண்டுகள் கிடந்தார்கள். முகாமில் பிறந்த குழந்தை முகாமிலேயே தாயாகித் தன் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிற்று! போர் முடிந்தபின், 2013-இல், நிலத்தைத் திருப்பித் தருவார்கள் என்று எண்ணியிருந்தவர்களுக்கு வந்தது என்ன? 6,381 ஏக்கரை அரசே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும் என்ற அறிவிப்பு! வழக்குத் தொடுத்தனர், தெருவில் அமர்ந்தனர். 2015-க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளித் தந்தார்கள். 2024 நவம்பரில் பலாலிப் பக்கத்துச் சாலை ஒன்றைத் திறந்துவிட்டபோது, 34 ஆண்டுகளுக்குப் பின் அவ்வழியே நடந்த முதியோர் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் என்ன செய்வர்? சாலையைத் தந்ததற்கு நன்றி கூறலாம். சாலைக்கு அப்பால் இருக்கும் தோட்டத்தை எப்போது தருவீர்கள் என்று கேட்பது நன்றிகெட்டதனம் ஆகாது.

இது ஏதோ ஒரு தளபதியின் தனி ஆசையில் விளைந்த விடுதி என்று கருதிவிடாதீர்கள். கல்குடாக் கரையிலும் யால காட்டோரத்திலும் தரைப்படைக்கு ‘லாயா’ என்ற பெயரில் விடுதிகள். கடற்படைக்கு ‘மாலிம’ என்றொரு விருந்தோம்பல் நிறுவனம். வான்படைக்குச் சுற்றுலாப் பயணியரை ஏற்றிச் செல்ல ‘ஹெலிடூர்ஸ்’. படை மூன்று, கடையும் மூன்று! ஏறத்தாழ 2 இலட்சம் பேர் கொண்ட தரைப்படையை 2030-க்குள் 1 இலட்சமாகக் குறைப்போம் என்று 2023 சனவரியில் அந்நாட்டு அரசே அறிவித்தது. நாடு கடனைக் கட்ட முடியாமல் 2022 ஏப்ரலில் கைவிரித்த பிறகு பிறந்த ஞானம் அது. போரில்லா நாட்டில் பெரும்படைக்கு வேலை வேண்டுமே! படுக்கை விரிக்கிறார்கள், மீன் வறுக்கிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள். சீருடை அணிந்தவன் வாடகையும் தரவேண்டாம், நிலத்துக்கு விலையும் தரவேண்டாம். அவனோடு கைம்பெண் நடத்தும் நாலறை விடுதி எப்படிப் போட்டியிடும்?

தெற்கே இறங்கினால் முல்லைத்தீவு, முள்ளிவாய்க்கால். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையே கிடக்கும் மணல் திட்டு. அதுவும் கடற்கரைதான்! 2009 மே மாதத்தில் அந்த மணலில் நடந்ததை நான் வருணிக்கப் போவதில்லை. 40,000 பேர் வரை பொதுமக்கள் மாண்டிருக்கக்கூடும் என்று ஐ.நா. தலைமைச் செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் எழுதிற்று. அந்த ஒரு தொடர் போதும். அந்தக் கொடுமை நிகழ்ந்த எட்டாம் மாதம், 2010 சனவரியில், அமெரிக்க நாட்டு ஏடான நியூயார்க் டைம்சு, அவ்வாண்டு காணத்தக்க இடங்களின் பட்டியலில் முதலிடத்தை இலங்கைக்கு வழங்கியது! எலும்பு மக்கிற்றா என்று பார்ப்பதற்குள் விருந்துக்கு இலை போட்டாயிற்று. நந்திக்கடல் ஓரத்தில் படையினர் விடுமுறை மாளிகை எழுப்பினர். புலிகளின் தலைவர் பதுங்கியிருந்த நிலவறையைப் பேருந்து பேருந்தாய் வந்தோருக்குக் காட்சிப் பொருளாக்கினர். போதுமென்று தோன்றியதும் 2013-இல் தாமே வெடிவைத்துத் தகர்த்தனர். புதுக்குடியிருப்பில் வெற்றிச் சின்னம் நிற்கிறது, துப்பாக்கி ஏந்திய கையோடு. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை.

“எல்லாம் இனத்தின் கண்கொண்டே பார்க்கிறீர்” என்பார் நம் அறிவுரையாளர். நல்லது. சிங்களவர் கரைக்கே போவோம்.

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை. அத்தீவில் மட்டும் 30,000-க்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோயிற்று. அலைக்குத் தமிழன், சிங்களவன், முசுலிம் என்ற வேற்றுமை தெரியவில்லை. அடுத்து வந்த ஆணைக்குத்தான் வேற்றுமை தெரிந்தது! கரையிலிருந்து தெற்கே 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் தூரத்துக்குள் எவரும் வீடு கட்டக்கூடாது என்றது அரசு. பாதுகாப்புக்காக என்றனர். மீனவன் குடிசையை எழுப்பக்கூடாது. ஆனால் சுற்றுலா விடுதி எழலாம்! அலை வந்தால் மீனவன் மூழ்குவானாம். வெள்ளைக்காரப் பயணி மிதப்பானாம்! எதிர்ப்பு எழுந்தபின் அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள். ஆனால் உள்ளே இருந்த எண்ணம் அன்றே அம்பலமாயிற்று.

அறுகம் குடாவுக்குத் தெற்கே பாணமை. அலைச்சறுக்கு ஆடுவோர் தேடி வரும் கரை. 2010 சூலையில் நள்ளிரவில் ஆயுதம் ஏந்தியோர் புகுந்து அங்கே குடிசைகளைக் கொளுத்தினர். ஏறத்தாழ 350 குடும்பங்கள், உழவரும் மீனவருமாய், வெளியேற்றப்பட்டன. பிறகு அந்த இடத்தில் கடற்படை முகாமும் வான்படை முகாமும் வந்தன. முகாமைத் தொடர்ந்து கடற்படையின் சுற்றுலா விடுதியும் வந்தது. எரிந்தவை எவர் குடிசைகள்? தமிழர் குடிசைகள் அல்ல, தோழர்களே, சிங்களவர் குடிசைகள்! 2015-இல் நிலத்தைத் திருப்பித் தருவதாக அமைச்சரவை முடிவு செய்தது. முடிவு தாளில் கிடந்தது. மறுஆண்டு மக்களே துணிந்து உள்ளே நுழையவேண்டியதாயிற்று. காங்கேசன்துறைத் தமிழனும் பாணமைச் சிங்களவனும் ஒரே மேசையின் காலடியில் நசுங்குகிறார்கள். இதை அவ்விருவரும் ஒருநாள் உணர்ந்துவிடக்கூடாதே என்பதுதான் மேசையில் அமர்ந்திருப்போரின் அச்சம்.

இனி, கோயில். நான் கும்பிடப் போகிறவன் அல்லன். கழக ஏட்டைப் படிப்போர் இதை அறிவர். கல்லிலே கலையைக் காணலாம், கடவுளைக் காண எனக்குக் கண்ணில்லை. ஆனால் ஒருவன் கும்பிடும் இடத்தைப் பிடுங்கிக்கொள்வது பகுத்தறிவு அன்று, பகற்கொள்ளை!

திருகோணமலையில் கோணேசர் கோயில். 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதை இடித்து, அதன் கல்லைக்கொண்டே கோட்டை கட்டினர். கோயில் பின்னர் மீண்டும் எழுந்தது. கோட்டை மட்டும் படையினரை விட்டு விலகவில்லை. இன்றும் கோட்டை வாயிலைக் கடந்தே கோணேசரிடம் போகவேண்டும். அன்று பறங்கி செய்ததை அடாத செயல் என்று வழிகாட்டி விளக்குவார். முல்லைத்தீவுக் குருந்தூர் மலைக்கு அழைத்துப்போய் இன்று நடப்பதை விளக்குவாரா? பணியை நிறுத்துக என்று நீதிமன்றம் ஆணையிட்ட பின்னும் அங்கே விகாரை உயர்ந்தது. அவ்வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி, உயிருக்கு அச்சுறுத்தல் என்று கூறி 2023 செப்டம்பரில் பதவி துறந்து நாட்டையே விட்டு வெளியேறினார். தீர்ப்பு எழுதியவருக்கே நாடில்லை! தையிட்டியில், தனியார் நிலத்தில், படையின் துணையோடு ஒரு விகாரை. உரிமையாளர் உறுதிப் பத்திரத்தோடு வெளியே நிற்கின்றனர். 2020-இல் கிழக்கு மாகாணத் தொல்பொருளைக் காக்க ஒரு செயலணி அமைத்தார்கள். தலைவர் யார்? வரலாற்றுப் பேராசிரியரா? பாதுகாப்புச் செயலாளர்! தமிழரும் முசுலிம்களும் பெரும்பான்மையாய் வாழும் மாகாணத்துக்கான அக்குழுவில் தொடக்கத்தில் ஒரு தமிழர் இல்லை, ஒரு முசுலிம் இல்லை.

புத்தர்மீது நமக்கென்ன பகை? சாதியை மறுத்த பெருமகன் அவர். 1954-இல் இரங்கூன் பௌத்த மாநாட்டுக்குப் பெரியார் சென்றது எதற்காக? மணிமேகலை தந்த மொழி நம் மொழி. அக்காப்பியத் தலைவி புத்தபீடிகையைத் தொழுத மணிபல்லவத்தை நயினாதீவு என்றே அறிஞர் பலர் கொள்வர். அந்தத் தீவில் அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் அருகருகே நிற்கின்றன. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் சின்னஞ்சிறு தாதுகோபங்கள் கூட்டமாய்க் கிடக்கின்றன. தமிழரிலும் பௌத்தர் இருந்தனர் என்பதே அவை கூறும் செய்தி. இதை மறைத்துவிட்டு, “புத்தர் கல் கிடைத்ததா, இது சிங்களவன் நிலம்” என்று வேலி போடுகிறார்களே, ஆசையை அறுக்கச் சொன்னவரின் பேரால் ஏக்கரை அளக்கிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறோம்.

நம் பக்கத்துக் கூத்து இன்னொன்று உண்டு. இராமாயணச் சுற்றுலா! ஐம்பது இடங்களுக்குக் கதைப்பெயர் சூட்டி, வடநாட்டுப் பக்தரை அழைக்கிறது இலங்கைச் சுற்றுலாத் துறை. 2018-இல் தில்லியிலிருந்து புறப்பட்ட இராமாயண ரயிலில் வந்தோருக்கு, விரும்பினால் சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் என்று இந்திய ரயில்வே ஏற்பாடு செய்தது. நுவரெலியாவுக்கு அருகே சீதா எலிய. அதுதான் அசோகவனமாம். பாறையில் ஒரு பள்ளம். அதுதான் அனுமன் அடிச்சுவடாம். பக்தர் கண்ணீர் மல்குகிறார். கதையில் அழுத சீதைக்காக அழுகிறவர், கோயிலை விட்டு வெளியே வந்து கொஞ்சம் தலையை நிமிர்த்தினால் என்ன? எதிர்ச் சரிவில், முதுகில் கூடையோடு, அட்டைக்கடிக்கு நடுவே நிற்கிறாளே முத்தம்மாள், அவள் எவர் வீட்டுப் பெண்? திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் சீமையிலிருந்து பஞ்சம் துரத்த ஓடிய நம் பாட்டன் வீட்டுப் பெண் அல்லவா?

அந்த மலை பிறந்த கதையை எந்த வழிகாட்டி கூறுவார்? அது அன்று பெருங்காடு, யானைகளின் அரசு. காப்பித் தோட்டம் போட வந்த வெள்ளையனுக்கு யானை இடையூறு. கொன்றவருக்கு அரசே பரிசுப் பணம் கொடுத்தது. மேஜர் ராசர்சு என்ற துரை ஒருவன் மட்டும் சுட்டு வீழ்த்தியவை ஏறத்தாழ 1,400 யானைகள் என்பர். 1845-இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டான். (கடவுளின் தண்டனை என்று பக்தர் கூறுவர், மின்னலுக்கு அத்தனை நீதி தெரிந்திருந்தால் அது இன்னும் எத்தனையோ மாளிகைகளைத் தேடிப் போயிருக்கும்.) யானையைச் சுட்டது துரை. மரத்தை வெட்டியது யார்? மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டைக் கால்நடையாய்க் கடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியெல்லாம் பிணத்தை விட்டுவிட்டு மாத்தளை ஏறியவன். 2023-இல் அந்த மக்கள் தம் 200 ஆண்டு நினைவாய்த் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்தனர்.

காப்பியை நோய் தின்றது, தேயிலை வந்தது, தேயிலையால் தீவு கொழுத்தது. கொழுக்க வைத்தவனுக்குக் கிடைத்த பரிசு? 1948-இன் குடியுரிமைச் சட்டம்! ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாத்திரியும் உட்கார்ந்து 9,75,000 உயிர்களைப் பங்கிட்டனர்: 5,25,000 உனக்கு, 3,00,000 எனக்கு, எஞ்சிய 1,50,000 பிறகு பார்த்துக்கொள்வோம்! சந்தையில் ஆடு பிரிப்பவன்கூட ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். இவர்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சியோரை 1974-இல் பாதி பாதியாய் அறுத்தனர். அங்கேயே தங்கிவிட்டோருக்குக் குடியுரிமைச் சிக்கல் தீர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

நாள்கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடி 2021-இல்தான் அதைப் பெற்றார்கள். பெற்ற மறுஆண்டே விலைவாசி அதை விழுங்கிற்று. 2014 அக்டோபரில் கொசுலாந்தைப் பக்கம் மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வரிசைகளை மண் மூடிற்று. அங்கிருந்து நெடுந்தொலைவு இல்லை எல்ல. ஒன்பது வளைவுப் பாலத்தின்மேல் ரயில் ஊரும் காட்சியைக் காண உலகமே குவியும் ஊர். துரை வாழ்ந்த பங்களாக்கள் சில இப்போது சொகுசு விடுதிகள். அங்கே ஓர் இரவுக்கு வாங்கும் வாடகை, கொழுந்து பறிப்பவளின் பல மாதக் கூலி. பங்களாவுக்கு வண்ணம் பூசினார்கள். லயனுக்கு?

யானைக்கு மட்டும் விடிந்துவிட்டதா? அதுவும் இல்லை! மின்னேரியாக் குளக்கரையில் ஆகஸ்டு, செப்டம்பரில் நூற்றுக்கணக்கில் கூடும் யானைகளைச் சீப்பு வண்டிகள் சூழ்ந்துகொண்டு படம் பிடிக்கின்றன. அதே நாட்டில் 2022-இலும் 2023-இலும் ஆண்டுக்கு 400-க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன: துப்பாக்கியால், மின்வேலியால், ரயில் மோதி, பழத்துக்குள் மறைத்து வைத்த ‘ஹக்க பட்டாசு’ வாயைக் கிழிக்க! யானையால் மாண்ட ஏழை உழவரும் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேல். பெரும்பாலோர் சிங்களக் குடியானவர். காட்டைக் காட்டிக் காசு வாங்குவோர், காட்டோரத்தில் வாழ்பவனுக்கு வேலி போடவில்லை.

நாகைத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். கப்பல் புறப்படும் நாளில் துறைமுக வாயிலில் நில்லுங்கள். கூச்சல் வேண்டாம், கறுப்புக்கொடி வேண்டாம், கப்பலேறுவோரில் உறவைக் காணப் போகிறவரும் இருப்பார். கையடக்கமாய் ஒரு துண்டறிக்கை கொடுங்கள். அறையை முன்பதிவு செய்யுமுன், ‘இவ்விடுதியை நடத்துவது யார்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். தல்செவனவும் லாயாவும் மாலிமவும் படையினருடையவை என்று எழுதுங்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அட்டனிலும் ஊரார் நடத்தும் விடுதிகள் உண்டு, அங்கே தங்குக என்று எழுதுங்கள். தேயிலைத் தோட்டத்தில் படம் எடுப்போர், பறிப்பவளிடம் முதலில் அவள் பெயரைக் கேட்கட்டும். தமிழிலேயே பதில் வரும். அறிக்கையின் மறுபக்கத்தைச் சிங்களத்தில் அச்சிடுங்கள். அக்கப்பலில் சிங்களவரும் ஏறக்கூடும். அவர்களுக்குப் பாணமைக் கதையைச் சொல்லுங்கள்.